‘திடீரென’ என்று அடிக்க மாட்டாள்

என் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவள் இரண்டு வாடிக்கையாளர்களை விரட்டிவிட்டாள். மூன்றாவது ஆளை அழ வைத்தாள்.

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. இதில் எனக்குச் சோறு போடுவது கடைசி அயிட்டம்தான். காதுகுத்தைத் தள்ளிப்போடுவார்கள். தலைவர் கட்சி மாறிவிடுவார். சாவு மட்டும்தான் அன்றைக்கே வேண்டும் என்று வந்து நிற்கும்.

அவள் என் மனைவியின் கடைசித் தங்கை. அம்மையார்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிசைன் போடுவாள். ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருப்பதால் எங்கள் பக்கத்தில் அக்கா புருஷன் பாவா. நாலு பேர் முன்னால் ‘வாங்க பாவா’ என்பாள். கோபம் வந்தால் ‘போ பாவா’. நான் பெரும்பாலும் போய்க்கொண்டேதான் இருந்தேன்.

அந்த மூன்றாவது ஆள் அப்பாவின் போட்டோவோடு வந்திருந்தார். “‘திடீரென எங்களை விட்டுப் பிரிந்த’ன்னு போட்டு மேல ரெண்டு பக்கமும் பூ வெச்சிடும்மா” என்றார்.

“எப்படிண்ணா போனாரு?”

“கிட்னிம்மா. மூணு வருஷமா டயாலிசிஸ் போய்கினு இருந்தாரு.”

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். “அப்ப திடீர்னு எங்கண்ணா போனாரு? மூணு வருஷமா போய்கினேதான இருந்தாரு?”

சண்டை வருகிறது என்றால் எனக்கு உடனே கல்லாவுக்கு அடியில் ஏதாவது விழுந்துவிடும். தேடக் குனிந்துவிட்டேன்.

“எல்லாரும் அப்படித்தாம்மா போடறாங்க.”

“எல்லாரும் போடட்டும். மூணு வருஷமா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போனது யாரு? நீங்கதான? அத்த ஏன் மறைக்கிறீங்க? ‘மூன்றாண்டு காலம் நோயோடு போராடி’ன்னு போடட்டுமா?”

நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது அந்த மனிதர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். “போடும்மா” என்றார். “அவரு போராடனாரும்மா. அத்தயே போடு.”

எல்லோரும் அவரைப் போல இருப்பார்களா? அடுத்த தெருக் கடைக்காரன் ஒரு வருஷத்தில் புது மெஷின் வாங்கினான். பாதி மெஷினுக்கு அவள்தான் காரணம். இந்த ஊரில் எவருமே வியாதி வந்து சாகவில்லை என்பது அவன் பேனர்களைப் பார்த்தால் தெரியும். குடித்துக் குடித்துச் செத்தவன் திடீரெனப் பிரிந்தான். சர்க்கரையில் கால் எடுத்து, அது ஆறாமல் செத்தவர் திடீரெனப் பிரிந்தார். “இன்னா பாவா இது, ஊர் பூரா இடி விழுந்த மாதிரி கீது” என்பாள்.

அந்தச் சொல்லின் மேல் அவளுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று சொல்ல வேண்டுமானால் அவள் மார்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழுந்தியாவின் மார்பைப் பற்றி எழுதுகிறான் பார் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். நடு எலும்பின் மேல், கழுத்துக் குழியிலிருந்து கீழே ஒரு நீளத் தழும்பு. துப்பட்டா போட்டாலும் அதன் மேல் நுனி தெரியும். அவள் மறைக்க மாட்டாள். அவளுடைய அம்மா, அதாவது என் மாமியார், பார்க்கும்போதெல்லாம் இழுத்து மூடுவார்.

பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. ஓட்டை மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழியில் இருக்கும் வால்வும் குறுகல். அழுதால் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகும். ஓடிப் பிடித்து விளையாடும்போது பாதியில் குந்திவிடுவாளாம். மற்றப் பிள்ளைகள் அதையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அவள் குந்தினால் எல்லோரும் குந்த வேண்டும். பள்ளிக்கூடம் சேர்க்கிற வயதில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்து, ஓட்டையை அடைத்து, குறுகலான வால்வை வெட்டித் திறந்துவிட்டார்கள். உதடு சிவந்தது. வருஷா வருஷம் கூட்டி வந்து காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இவர்கள் என்ன செய்தார்கள்? நேராக முருகன் மலைக்கு வந்து குடும்பத்தோடு மொட்டை போட்டார்கள். சந்தனம் தடவிய ஒன்பது தலைகள் வரிசையாக நிற்கிற போட்டோ இன்றைக்கும் மாமியார் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வேண்டுதல் முடிந்தது, வியாதியும் முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூடப் போய்க் காட்டவில்லை. சாமி செய்து கொடுத்ததை டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்தால் சாமிக்குக் கோபம் வருமாம். எனக்கு வருகிற கோபத்தைக் கேட்க ஆளில்லை.

அவளுக்கு மூச்சு வாங்குவதை முதலில் கவனித்தது நான்தான். பெருமையாகச் சொல்லவில்லை. ஊரில் யாருக்கு எது வந்தாலும் எனக்கும் அது இருக்கிறதா என்று பார்க்கிறவன் நான். கொரோனா சமயத்தில் வாங்கிய, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற மெஷின் ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். வாயுப் பிடித்தாலே ஈசிஜி எடுக்க ஓடுவேன். அங்கிருக்கிற நர்ஸம்மா “வந்துட்டீங்களா” என்றுதான் வரவேற்பார். ஒருநாள் மெஷினில் எண்ணே வரவில்லை. கை கால் ஜில்லிட்டுப் போய், “அம்மாடி, எனக்கு ஆக்சிஜனே இல்ல” என்றேன். அவள் என் விரலிலிருந்து அதைப் பிடுங்கிப் பார்த்தாள்.

“பேட்டரி செத்துப்போச்சு பாவா. நீ சாகல.”

அப்படிப்பட்ட ஆளுக்கு, ஒரு ஃப்ளெக்ஸ் சுருளை நகர்த்திவிட்டு அவள் சுவரில் கை ஊன்றி நிற்பது தெரியாதா? “இன்னாமா?” என்றேன். “நெஞ்சுல மீனு துள்ற மாதிரி கீது” என்றாள். அவள் பயப்படவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் பயந்து, மறுநாள் காலை ரயிலில் சென்னைக்குக் கூட்டிப் போனேன்.

எக்கோ எடுத்து முடித்து டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். “சின்ன வயசுல வால்வை வெட்டித் திறந்தது சரியான வேலைதான். அதனாலதான் இன்னிக்கு என் முன்னாடி உக்காந்திருக்கீங்க. ஆனா அந்த வால்வு இப்ப மூடறதே இல்லம்மா. நுரையீரலுக்குப் போற ரத்தத்துல பாதி, ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வந்துடுது. வர ரத்தத்தை வாங்கி வாங்கி வலது பக்க அறை வீங்கியிருக்கு. புது வால்வு வைக்கணும். தள்ளிப்போடக் கூடாது. வீங்கின அறையில துடிப்பு எப்ப தாறுமாறாகும்னு சொல்ல முடியாது.”

“இது எப்பவே தெரிஞ்சிருக்கும் மேடம்?”

“வருஷா வருஷம் பார்த்திருந்தா? பத்து வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.”

திரும்பி வரும் ரயிலில் அவள் ரிப்போர்ட்டைப் புரட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். நான் சும்மா இருப்பேனா? பன்றி வால்வு வைப்பார்களாம், மாட்டு வால்வு வைப்பார்களாம், எதற்கும் முருகனிடம் கேட்டு மயில் வால்வு வாங்கிவிடலாம் என்று உளறினேன். விரலில் மெஷினை மாட்டுவதும் கழற்றுவதுமாக நான் இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். “கைய மடியில வெச்சிக்கினு ஜோக் அடி பாவா” என்றாள்.

அன்றைக்கு மாமியார் வீட்டில் எட்டு விசைத்தறியும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் யார் என்ன சொன்னாலும் காதில் விழாது. அந்த வீட்டில் பல விஷயங்கள் காதில் விழாமலே போனதற்கு அது வசதியான காரணம். அவள் உள்ளே போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். வீடு ஊமையானது. அவள் அண்ணன் பதறி ஓடி வந்தார். அவர்தான் வீட்டுக்குத் தலைவர், எனக்கு மச்சான்.

“வால்வு லீக்காவுது. புது வால்வு வைக்கணும். பத்து வருஷமா லீக்காய்கினு இருக்குதாம்” என்றாள்.

மாமியார் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார். “அதான் மொட்டை போட்டமேடி” என்றார்.

நான் வாழ்க்கையில் நிறைய ஜோக் கேட்டிருக்கிறேன். அதற்கு மட்டும்தான் எனக்குப் பல் கடிக்கத் தோன்றியது.

மச்சான் சுவிட்சை மறுபடி போட்டார். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னார்: “மொதல்ல கல்யாணம். அப்பறமா ஆபரேஷன். நெஞ்சுல வால்வு மாத்தின பொண்ண எவன் கட்டுவான்?”

அதற்கு முன்பே பொதட்டூர்பேட்டையில் ஒரு வரன் பார்த்து வைத்திருந்தார்கள். சொந்தமாகத் தறி, லுங்கி வியாபாரம். பெண் பார்ப்பது மலைமேல். எங்கள் பக்கத்தில் அது ஒரு வசதி. பிடித்தால் நிச்சயம் பேசலாம். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்தோம் என்று இரண்டு பக்கமும் மானமாகப் போய்விடலாம். வேன் ஏறுகிற ரோடு இருக்கிறதே என்றுதான் மச்சான் ஒத்துக்கொண்டிருந்தார். அடிவாரத்தில் வந்து இறங்கிய பிள்ளையின் அம்மா, “படியேறியே போலாங்க, எனக்கு வேண்டுதல்” என்றார். வேண்டுதல் யாருக்கு, சோதனை யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். மூச்சு வாங்காமல் மலை ஏறுகிற பெண் தறி வீட்டுக்கு நல்லது.

மச்சான் என்னைத் தனியே இழுத்தார். “மாப்ள, உங்களுக்குத்தான் வாய் கீதே. பத்து படிக்கு ஒரு வாட்டி அவங்கள நிறுத்தி எதுனா பேசுங்க. அவ மூச்சு வாங்கறது தெரியக் கூடாது.”

ஆக, ஒரு பெண்ணின் இதயத்துக்குப் பந்தோபஸ்தாக என் ஜோக்கைப் போட்டார்கள். நானும் போனேன். முன்னால் ஒரு அம்மாள் படிக்குப் படி மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டே போனார்; அவரைத் தாண்டக் கூடாது என்று ஒரு சாஸ்திரத்தை அங்கேயே கண்டுபிடித்தேன். பன்னீர் விற்பவனிடம் பேரம் பேசினேன். முருகனுக்கும் வள்ளிக்கும் யார் தரகர் என்று கேட்டேன். பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். அவள் என் பின்னால், தூணைப் பிடித்துக்கொண்டு, ஒரு சிரிப்பும் இல்லாமல் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் மலையிலிருந்து உருண்டிருக்கலாம்.

பாதி மலையில் நடந்தது வேறு. பேசிக்கொண்டே ஏறியதில் எனக்கு மூச்சு வாங்கியது. மார்பில் டம் டம் என்றது. இடது கை மரத்துப்போன மாதிரி இருந்தது. மண்டபத்தில் சரிந்து உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்த மெஷினை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டேன்.

பிள்ளையின் அம்மா நெருங்கி வந்தார். “இன்னாங்க இவருக்கு? ஹார்ட்டா?”

மச்சானின் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது. “ஆமாங்க. எங்க மாப்ளைக்குத்தான் வால்வு லீக்கு. அதான் நின்னு நின்னு வரோம்.”

தங்கையின் வியாதியைத் தூக்கி என் நெஞ்சில் வைத்துவிட்டார். நான் பயந்த பயத்தில், இருக்குமோ என்று ஒரு நொடி நம்பியும் விட்டேன்.

“அவருக்கு ஒரு மண்ணும் கிடையாது” என்று குரல் வந்தது. அவள் தூணை விட்டு நகர்ந்து முன்னால் வந்தாள். “காலைல அடிவாரத்துல ஏழு போண்டா தின்னாரு. லீக்கு எனக்குத்தாங்க.”

“ஏய், சும்மா இரு” என்றார் மச்சான்.

“நீ சும்மா இருண்ணா. எவ்ளோ படிக்குத்தான் இவரு காமெடி பண்ணுவாரு?” பிள்ளையின் அம்மாவிடம் திரும்பினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு எடுத்துக்கொண்டு, ஒளிக்காமல், அவசரப்படாமல் சொன்னாள். “பொறக்கறப்பவே ஹார்ட்டு சரியில்லீங்க. சின்ன வயசுல ஆபரேஷன் பண்ணாங்க. இப்ப வால்வு மூடல. புதுசு வைக்கணும். வெச்சப்பறம் கல்யாணம் பண்ணிக்கலாம், கொழந்த பெத்துக்கலாம், டாக்டரைக் கேட்டுக்கினு. அதுக்கு மின்னாடி முடியாது. உங்க பையனுக்கு இஷ்டம்னா இருக்கட்டும்.”

பையன் செருப்பில்லாத தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, “நாங்க சாமி கும்பிடத்தாம்மா வந்தோம்” என்று சொல்லிவிட்டு, தன் ஆட்களோடு மேலே ஏறிப் போனார்.

“மானம் போச்சு” என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டார்.

“எனக்கு மூச்சு போவுதுண்ணா” என்றாள் அவள்.

அதற்குப் பிறகாவது நேராக நடந்திருக்க வேண்டும். நடந்தது. அவளே ஆஸ்பத்திரிக்குப் போனாள், காப்பீட்டு அட்டையைக் காட்டினாள், பரிசோதனைகளை முடித்தாள். கூட இருக்க என் மனைவி, ரத்தம் கொடுக்க நான். ஊசியைப் பார்த்தால் மயங்கி விழுகிற நான். “நீ விழுந்தா ரெண்டு பெட்டு கேக்கணும்” என்று சிரித்தாள். படுக்கை காலியானதும் போன் செய்வதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

போன் வந்தது. அவளுக்கு இல்லை. அட்டை குடும்பத்தின் பேரில் இருந்ததால், அதில் இருந்தது மச்சான் நம்பர். அவர் தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, “ஆடி மாசங்க, வோணாங்க. கிருத்திகை முடியட்டும், ஆவணில வரோம்” என்று பதில் சொல்லி வைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆடியில் புது வேலை எதுவும் தொடங்கக் கூடாது அல்லவா? புதுத் தறி போடக் கூடாது. புது வால்வும் போடக் கூடாது.

இரண்டு வாரம் கழித்து அவளே கேட்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கடைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கத்துவாள் என்று நான் கல்லாவுக்கு அடியில் போகத் தயாராக இருந்தேன். கத்தவில்லை. “என் நெஞ்சுக்கு அவரு பஞ்சாங்கம் பாக்கறாரு பாவா” என்றாள். அப்புறம் தன் நம்பரைக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் மறுபடி பேசினாள். அவளுக்குப் பதிலாக வேறு ஒருவருக்கு அந்தப் படுக்கையைக் கொடுத்துவிட்டார்கள். அடுத்தது காலியானதும் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

அது காலியாவதற்குள், ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், ஊரெல்லாம் காவடி. ரோடு முழுக்க அரோகரா. அவள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து, ஒரு வரவேற்பு பேனருக்கு மயில் படம் தேடிக்கொண்டிருந்தாள். “பாவா, மீனு” என்றாள். நான் வழக்கம்போல என் மார்பைத்தான் முதலில் தொட்டேன். திரும்பிப் பார்ப்பதற்குள் நாற்காலியிலிருந்து சரிந்திருந்தாள். காவடிக் கூட்டத்தை விலக்கி விலக்கி ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தது. நான் அவள் மார்பை அமுக்கிக்கொண்டே இருந்தேன். என்னை விலக்கிவிட்டு அவர்கள் அமுக்கினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் மச்சான் என் கடைக்கு வந்தார். போட்டோவை நீட்டினார். “‘திடீரென’ன்னு போட்டுடுங்க மாப்ள.”

“போட மாட்டேன்.”

“டாக்டரே திடீர்னுதான சொன்னாரு.”

“பத்து வருஷமா லீக்கு மச்சான். ஒரு போன் வந்துது. நீங்க ஆடின்னு சொன்னீங்க. அதையெல்லாம் போடட்டுமா? போடறேன். எவ்ளோ பெருசு வோணும்?”

அவர் போட்டோவை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

மாலையில் அது அம்மையார்குப்பத்தில், அவள் தினமும் பஸ் ஏறுகிற இடத்தில் தொங்கியது. அடுத்த தெருக்காரன் வேலை சுத்தம். அவள் கழுத்துக்குக் கீழே தெரிகிற தழும்பை அழித்து மழமழவென்று ஆக்கியிருந்தான். மேலே ரோஜா. நடுவில், என் முகத்தளவு பெரிய எழுத்தில் அந்தச் சொல். ஆனால் கட்டுகிற தொழில் தெரியாதவன், காற்றுப் போக ஓட்டை வெட்டாமலே கட்டியிருந்தான். பேனர் வயிறு புடைத்துப் புடைத்து அடங்கியது.

டீக்கடையில் ஏணி வாங்கினேன். எனக்கு நாலு படிக்கு மேல் தலை சுற்றும். ஏறினேன். பாதியில் நின்று ஒரு கையால் நாடி பிடித்துப் பார்த்தேன். மறு கையில் பிளேடு. கூட்டம் கூடியது. மச்சான் தறி நூல் ஒட்டிய வேட்டியோடு ஓடி வந்தார்.

“மாப்ள! இன்னா பண்றீங்க? எறங்குங்க!”

“காத்து போக ஓட்டை போடறேன் மச்சான்.”

பிளேடை வைத்து இழுத்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நான்கு பக்கமும் வெட்டினேன். கோடு நேராக வரவில்லை. துண்டு பிய்ந்து, சுழன்று, கீழே போய் அவர் காலடியில் விழுந்தது. ஓட்டை வழியாகக் காற்று போனது. பேனர் ஆடாமல் நின்றது.

அவர் குனிந்து அதை எடுத்தார். புரட்டி, நேராக்கி, படித்தார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, அதைக் கீழே போடவும் முடியாமல், எங்கே வைப்பதென்றும் தெரியாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.